நேர்கோடு, பின்னல்கோடு, அலைகோடு: போர்க்காலக் கடற்படை ரிசர்வ் அதிகாரிகளின் சீருடை

1916 ஜூலை 27 மாலை, ஜெர்மானியர் பிடியில் இருந்த பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் சார்லஸ் ஃப்ரையட் என்ற கப்பல் கேப்டன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எந்தப் படையிலும் இல்லாதவர். ஆங்கிலேய ரயில்வே நிறுவனம் ஒன்றின் ‘பிரஸ்ஸல்ஸ்’ கப்பலை இங்கிலாந்துக்கும் ஹாலந்துக்கும் இடையே ஓட்டிக்கொண்டிருந்தார். 1915 மார்ச் 28 அன்று யு-33 என்ற நீர்மூழ்கி அவரை நிற்கச் சொன்னது. அவர் நிற்காமல் கப்பலை அதன் மேலேயே திருப்பினார். நீர்மூழ்கி அவசரமாக மூழ்கித் தப்பியது. அதற்காகப் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை அவருக்குப் பாராட்டு பொறித்த கடிகாரம் ஒன்றைப் பரிசளித்தது. அடுத்த ஆண்டு ஜூனில் அவர் பிடிபட்டபோது அந்தக் கடிகாரமே அவருக்கு எதிரான சாட்சியாயிற்று. போரிடும் படையைச் சேராத ஒருவர் போர்ச் செயலில் இறங்கினார் என்பதுதான் இராணுவ நீதிமன்றம் கண்ட குற்றம்.

வணிகக் கப்பல் தன்னைக் காத்துக்கொள்ள எதிர்த்து நிற்கலாம் என்று வாதிட்ட பிரிட்டன் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. ஆனால் அதே செயலைக் கடற்படை ரிசர்வில் ஆணை பெற்ற ஓர் அதிகாரி, சீருடை அணிந்து, போர்க்கொடி பறந்த கப்பலில் இருந்து செய்திருந்தால் அவர் போர்க் கைதியாக நடத்தப்பட்டிருக்க வேண்டியவர். சட்டைக் கையில் தைத்த சரிகைப் பட்டைக்கு இவ்வளவு கனம் உண்டு. கடற்படைச் சீருடையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பட்டையின் அகலத்தையும் பொத்தானின் வடிவத்தையும் அளந்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். போர்க்காலத்தில் ரிசர்வ் அதிகாரியின் சீருடை மூன்று வேலை செய்தது. எதிரியின் முன் அவரைச் சட்டப்படியான போர்வீரராக நிறுத்தியது. கப்பலில் உள்ளவர்களுக்கு அவருடைய தரத்தைச் சொன்னது. அவர் எந்த வழியாகக் கடற்படைக்குள் வந்தவர் என்பதையும் காட்டிக்கொடுத்தது. முதல் இரண்டும் அவசியமானவை. மூன்றாவது தேவையற்ற வேலி என்பது என் முடிவு. அந்த வேலியைத் தெளிவாக எழுப்பியதும், போரில் அதன் பொருளே மாறிப்போனதைக் கண்டு இறுதியில் பிடுங்கி எறிந்ததும் பிரிட்டிஷ் கடற்படை. ஆகவே இக்கட்டுரை பெரும்பாலும் அதையும் அதன் கிளைகளையும் பற்றியது.

பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகளுக்கு முறையான சீருடை 1748-இல் வந்தது. கை முனையில் பட்டை வைத்துத் தரம் காட்டும் வழக்கம் அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிந்தியது. 1856-இல் கப்பலை நடத்தும் பிரிவு அதிகாரிகளின் மேல் பட்டையில் ஒரு சுழி சேர்ந்தது. பட்டைகளின் எண்ணிக்கை மெல்ல நிலைபெற்றது: சப்-லெப்டினன்டுக்கு ஒன்று, லெப்டினன்டுக்கு இரண்டு, கமாண்டருக்கு மூன்று, கேப்டனுக்கு நான்கு. லெப்டினன்ட்-கமாண்டர் என்ற பதவி 1914-இல் உருவானபோது இரண்டு பட்டைகளுக்கு நடுவே மெல்லிய ஒன்று அதன் அடையாளமாயிற்று. மருத்துவர், கணக்கர், பொறியாளர் ஆகியோருக்குச் சுழி கிடையாது. அவர்களுடைய பட்டைகளின் இடைவெளியில் நிறத் துணி வைத்துத் தைத்தார்கள்: மருத்துவருக்குச் சிவப்பு, கணக்கருக்கு வெள்ளை, பொறியாளருக்கு ஊதா. எல்லாப் பிரிவினருக்கும் சுழி கிடைக்க 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் முதல் உலகப் போரே முடியும் நிலைக்கு வந்துவிட்டது. முழுநேரக் கடற்படைக்குள்ளேயே இத்தனை படிகள் இருந்தன. வெளியிலிருந்து வருபவர்களை அது எப்படி வரவேற்றிருக்கும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

வெளியிலிருந்து முதலில் வந்தவர்கள் வணிகக் கப்பல்காரர்கள். 1859-இல் இயற்றிய சட்டம் மாலுமிகளுக்கென்று கடற்படை ரிசர்வை உருவாக்கியது. 1861-இல் அதிகாரிகளுக்கும் அதில் இடம் கிடைத்தது. இவர்கள் கடலிலேயே வாழ்ந்தவர்கள். பலரும் கப்பல் தலைவருக்கான சான்றிதழ் பெற்றவர்கள். உலகின் துறைமுகங்களை இரவிலும் அறிந்தவர்கள். ஆயினும் முழுநேர அதிகாரியின் நேரான பட்டை அவர்களுக்குத் தரப்படவில்லை. மெல்லிய இரு சரிகைகளை வளைத்து ஒன்றோடொன்று சடைபோல் பின்னிய பட்டை அவர்களுடையதாயிற்று. அதே தரத்தில் உள்ள முழுநேர அதிகாரிகள் அனைவருக்கும் பின்னால்தான் ரிசர்வ் அதிகாரி என்று விதியும் சொன்னது. பட்டைகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கலாம். வரிசையில் நிற்கும் இடம் வேறு.

இருந்தும் அந்தப் பின்னல் பட்டைக்கு வணிகக் கப்பல் உலகில் பெரிய மதிப்பு இருந்தது. ரிசர்வ் அதிகாரி தலைமை தாங்கி, உரிய எண்ணிக்கையில் ரிசர்வ் ஆட்களும் இருந்தால், அந்த வணிகக் கப்பல் வழக்கமான செங்கொடிக்குப் பதில் நீலக்கொடி ஏற்றலாம். டைட்டானிக்கின் கேப்டன் ஸ்மித்துக்கு அந்த உரிமை உண்டு. அவர் ரிசர்வில் கமாண்டர். அதே கப்பலில் உயிர் தப்பியவர்களில் மிக மூத்த அதிகாரியான சார்லஸ் லைட்டோலரும் ரிசர்வைச் சேர்ந்தவரே. முதல் உலகப் போரில் ‘கேரி’ என்ற நாசகாரிக் கப்பலை நடத்திய அவர் 1918 ஜூலையில் யுபி-110 நீர்மூழ்கியை மோதி வீழ்த்தினார். டைட்டானிக் திரைப்படத்தில் அவரைக் கண்ட நம்மில் பலருக்கும் அவர் கதையின் இந்தப் பகுதி தெரியாது.

எதிர்ப்பக்கத்திலும் இதே வகை மனிதர்கள் இருந்தார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய எம்டனை நமக்குத் தெரியும். கேப்டன் ஃபான் முல்லரையும் தெரியும். அவருக்குக் கீழே யூலியுஸ் லவுட்டர்பாக் என்ற ரிசர்வ் அதிகாரி இருந்தார். போருக்கு முன் கிழக்குக் கடல்களில் வணிகக் கப்பல் கேப்டனாக இருந்தவர். எந்த நிறுவனத்தின் கப்பல் எந்த வழியில் வரும், எதில் நிலக்கரி இருக்கும் என்பதை அறிந்த அவர்தான் பிடிபட்ட கப்பல்களில் ஏறிச் சோதனையிடுவார். பின்னர் பிடிபட்டுச் சிங்கப்பூரில் சிறை வைக்கப்பட்டார். 1915 பிப்ரவரியில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த குழப்பத்தில் தப்பியோடினார். முழுநேர அதிகாரிகளால் ஒரு நாளும் கற்றிருக்க முடியாத அறிவை அவர் எம்டனுக்குக் கொண்டுவந்தார் என்றே சொல்ல வேண்டும்.

வணிகக் கப்பலைப் போர்க்கப்பலாக மாற்றும்போது என்ன செய்ய வேண்டும் என்று 1907-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை வகுத்திருந்தது. கப்பலுக்குப் போர்க்கப்பலின் வெளி அடையாளம் வேண்டும். அதன் தலைவர் அரசின் ஆணை பெற்றவராகவும், போர்க் கடற்படை அதிகாரிகள் பட்டியலில் பெயர் உள்ளவராகவும் இருக்க வேண்டும். ஆட்கள் இராணுவக் கட்டுப்பாட்டுக்கு உட்பட வேண்டும். இதனால்தான் பயணிகள் கப்பலில் பீரங்கி ஏற்றிய மறுநாளே அதன் அதிகாரிகளுக்குத் தற்காலிக ரிசர்வ் ஆணை தேவைப்பட்டது. அவர்களோடு பணிபுரிந்த மாலுமிகள் டி.124 என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக் கடற்படைச் சட்டத்தின் கீழ் வந்தார்கள். நேற்று வரை நிறுவனத்தின் உடையில் நின்றவர் இன்று பின்னல் பட்டையோடு நின்றார். கப்பல் அதே கப்பல், ஆள் அதே ஆள். சட்டத்தின் கண்ணில் மட்டும் அவர் வேறொருவர்.

இந்த விதியை அதன் கடைசி எல்லைவரை இழுத்துப் பார்த்தவை ‘கியூ’ கப்பல்கள். சரக்குக் கப்பல்போல் வேடமிட்டு நீர்மூழ்கியை அருகே வரவழைத்து, மறைத்த பீரங்கிகளைத் திறந்து சுடுவது அவற்றின் வேலை. ஆட்கள் கிழிந்த வணிக மாலுமி உடையில் திரிவார்கள். முதல் குண்டுக்கு முன்னால் கடற்படைக் கொடி ஏறியாக வேண்டும். அந்தச் சில நொடிகளில்தான் அவர்கள் போர்வீரர்கள் ஆனார்கள். இப்பணியில் விக்டோரியா சிலுவை பெற்ற வில்லியம் சாண்டர்ஸ், ரொனால்ட் ஸ்டூவர்ட், ஹரால்ட் ஆட்டன் மூவரும் ரிசர்வ் லெப்டினன்டுகள். சீருடை அணியாத நேரத்தில் பெரும் ஆபத்தை ஏற்றவர்கள் அவர்கள்.

மூன்றாவது பட்டை 1903-இல் வந்தது. கடலைத் தொழிலாகக் கொள்ளாத வழக்கறிஞர்கள், எழுத்தர்கள், ஓய்வுநாளில் பாய்மரப் படகு ஓட்டுபவர்கள் ஆகியோருக்காகத் தொண்டர் ரிசர்வ் என்று ஒன்று தோன்றியது. அவர்களுக்குத் தந்த பட்டை ஒற்றைச் சரிகை, அலை அலையாக வளைந்தது. ‘அலைக் கடற்படை’ என்ற பெயர் அவர்களுக்கு அதனால் ஒட்டிக்கொண்டது. அக்காலத்தில் கப்பல்களில் ஒரு பேச்சு உலவியது: ரிசர்வ்காரர் கனவானாக முயலும் மாலுமி, தொண்டர் ரிசர்வ்காரர் மாலுமியாக முயலும் கனவான், முழுநேரக்காரர் இரண்டுமாக முயலும் மூன்றாமவர். சிரிப்புக்குச் சொன்னதுதான். ஆனால் வர்க்கம் எப்படிச் சரிகைக்குள் புகுந்தது என்பதை எந்த விதிநூலைவிடவும் இது நன்றாகச் சொல்கிறது.

1914-இல் போர் மூண்டபோது இந்தத் தொண்டர்கள் அத்தனை பேருக்கும் கப்பலில் இடம் இல்லை. மிஞ்சியவர்களைத் திரட்டித் தரைப்படைபோல் ஒரு கடற்படை டிவிஷன் அமைத்தார்கள். அக்டோபரிலேயே ஆன்ட்வெர்ப்புக்கு அனுப்பினார்கள். பின்வாங்கும்போது சுமார் 1,500 பேர் ஹாலந்து எல்லைக்குள் நுழைந்து போர் முடியும் வரை அங்கேயே தடுத்துவைக்கப்பட்டார்கள். எஞ்சியோர் கலிப்பொலிக்கும் பின்னர் பிரான்சுக்கும் போனார்கள். காக்கி உடையின் கை முனையில் கடற்படைப் பட்டை தைத்து, பதுங்குகுழியில் நின்றபடி தங்களை லெப்டினன்ட், சப்-லெப்டினன்ட் என்றே அழைத்துக்கொண்டார்கள்; தாடியும் வளர்த்தார்கள். 1916-இல் தரைப்படையின் கீழ் 63-ஆவது டிவிஷனாக மாற்றப்பட்ட பின், மேலே வந்த தளபதிக்கும் இவர்களுக்கும் இந்த வழக்கங்களை முன்வைத்தே பூசல் நடந்தது. கவிஞர் ரூபர்ட் புரூக் இந்த டிவிஷனில் தொண்டர் ரிசர்வ் சப்-லெப்டினன்ட். 1915 ஏப்ரல் 23 அன்று ஏஜியன் கடலில் நோயால் இறந்து ஸ்கைரோஸ் தீவில் புதைக்கப்பட்டார். ஒரு நாள்கூடப் போர்க்கப்பலை நடத்தாத இவர்கள் அந்தப் பட்டையை விடாமல் பற்றிக்கொண்டதை வெறும் பிடிவாதம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. சேற்றில் கிடந்தவர்களுக்கு, தாங்கள் எதற்காகச் சேர்ந்தோம் என்பதன் கடைசி அத்தாட்சி அது ஒன்றுதான்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது விகிதமே தலைகீழானது. இங்கிலாந்தின் ஹோவ் நகரக் கடற்கரையில் புதிதாகக் கட்டிய பொழுதுபோக்கு நிலையத்தைக் கைப்பற்றி ‘கிங் ஆல்ஃபிரட்’ என்று பெயரிட்டு அதிகாரிப் பயிற்சிப் பள்ளியாக்கினார்கள். போர் முடிவதற்குள் அங்கிருந்து வெளியேறிய தொண்டர் ரிசர்வ் அதிகாரிகள் 22,000-க்கும் மேல். பெரும்பாலோர் முதலில் சாதாரண மாலுமியாகக் கப்பலில் சில மாதம் வேலை செய்து, பரிந்துரை பெற்று வந்தவர்கள். வயது குறைந்தவர்கள் மிட்ஷிப்மன் என்ற இளநிலை அதிகாரிகள் ஆனார்கள். அங்கேயும் பிரிவினை காலரில் தெரிந்தது: முழுநேரக்காரருக்கு வெள்ளைத் துண்டு, ரிசர்வுக்கு நீலம், தொண்டர் ரிசர்வுக்கு அரக்குச் சிவப்பு.

நிறத் துணிகளும் பெருகின. பல் மருத்துவருக்கு ஆரஞ்சு, ஆசிரியருக்கு இளநீலம் என்று போன வரிசையில் தொண்டர் ரிசர்வின் சிறப்புப் பிரிவுக்குப் பச்சை வந்தது. ரேடார் நிபுணர், உளவுத்துறையினர் முதலியோர் இதில் சேர்ந்தார்கள். பின்னாளில் ஜேம்ஸ் பாண்டைப் படைத்த இயன் ஃப்ளெமிங் இப்பிரிவில் கமாண்டராகக் கடற்படை உளவுத்துறையில் மேசையில் அமர்ந்து போரை நடத்தினார். கடலுக்கே போகாதவரும் அட்லான்டிக் புயலில் ரேடார் முன் கண்விழித்தவரும் ஒரே பச்சையை அணிந்தார்கள். பிரித்துக் காட்டவே பிறந்த நிறம், காட்ட வேண்டியதைக் காட்டத் தவறிய இடம் இது.

இவ்வளவு நுணுக்கமும் கரையில்தான் செல்லுபடியானது. அட்லான்டிக்கில் சரக்குக் கப்பல் அணிகளைக் காத்துச் சென்ற கொர்வெட் என்ற சிறு கப்பல்களில், தலைவர் பின்னல் பட்டைக்காரராகவும் மற்ற அதிகாரிகள் அலைப் பட்டைக்காரர்களாகவும் இருப்பது சாதாரணம். நிக்கோலஸ் மான்சராட் இந்தக் கப்பல்களில் பணியாற்றிவிட்டுத்தான் 1951-இல் ‘தி குரூயல் சீ’ நாவலை எழுதினார். மேல்தளத்தில் நின்றவர் எவராக இருந்தாலும் தடித்த டஃபிள் கோட்டு, கம்பளிச் சட்டை, முழங்கால் பூட்ஸ் என்றுதான் இருப்பார். பட்டை எங்கே தெரியும்? குரலை வைத்தும் செயலை வைத்தும்தான் அதிகாரியை அடையாளம் கண்டார்கள். தைத்த சீருடைக்கு அதிகாரியே காசு கொடுக்க வேண்டியிருந்ததால், பலர் நல்ல உடையைப் பெட்டியில் பூட்டிவிட்டுப் பழையதைக் கடலில் கிழித்தார்கள்.

மிகப் பழைய தடைகள் இக்காலத்தில் உடைந்தன. நீர்மூழ்கியின் தலைமை முழுநேர அதிகாரிகளின் தனிச் சொத்தாக இருந்தது. பெங்குயின் புத்தகங்களின் முதல் சின்னத்தை 1935-இல் வரைந்த எட்வர்ட் யங் 1940-இல் தொண்டர் ரிசர்வில் சேர்ந்தார். பின்னர் போருக்குச் செல்லும் நீர்மூழ்கிக்குத் தலைவரான முதல் தொண்டர் ரிசர்வ் அதிகாரி ஆனார். அவருடைய ‘ஸ்டார்ம்’ 1944-இல் திருகோணமலையிலிருந்து புறப்பட்டு மலாக்கா நீரிணைப் பக்கம் வேட்டையாடியது. 1943 செப்டம்பரில் நார்வேயில் ‘டிர்பிட்ஸ்’ என்ற பெரும் போர்க்கப்பலைக் குள்ள நீர்மூழ்கிகளில் சென்று தாக்கியதற்கு இருவர் விக்டோரியா சிலுவை பெற்றார்கள். காட்ஃப்ரி பிளேஸ் முழுநேரக்காரர், டொனால்ட் கேமரன் ரிசர்வ்காரர். ஒரே வேலை, ஒரே விருது, ஆனால் கையில் இருவேறு பட்டை. காந்தக் கண்ணிவெடியின் அருகே தனியே சென்று அதைச் செயலிழக்கச் செய்யும் வேலையில் ஆஸ்திரேலியத் தொண்டர் ரிசர்வின் சைம், மோல்ட், கோல்ட்ஸ்வர்தி, காஸ் நால்வரும் ஜார்ஜ் சிலுவை பெற்றார்கள். இதன் பிறகு அலைப் பட்டை கத்துக்குட்டியின் அடையாளம் என்று எவரால் சொல்ல முடியும்?

ஆசியக் கடல்களில் நடந்தது இன்னும் அதிகம் பேசப்பட வேண்டியது. 1942 பிப்ரவரி 14 அன்று, சிங்கப்பூர் வீழ்வதற்கு முந்தைய நாள், ‘லீ வோ’ என்ற சீன ஆற்றுப் பயணிகள் கப்பல் ஜப்பானியப் படகுத் தொகுதி ஒன்றை எதிர்கொண்டது. அதன் தலைவர் தாமஸ் வில்கின்சன், தற்காலிக ரிசர்வ் லெப்டினன்ட். அதே கப்பலைப் போருக்கு முன்னும் நடத்தியவர். கையிருந்த சொற்ப குண்டுகளையும் சுட்டுத் தீர்த்த பின், எரியத் தொடங்கிய துருப்புக் கப்பல் ஒன்றின் மீது ‘லீ வோ’வை மோதினார். எதிரி போர்க்கப்பலின் பீரங்கிகள் அவரையும் கப்பலையும் முடித்தன. 1946-இல் அவருக்கு விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டது. ஃப்ரையட் எந்த உந்துதலில் கப்பலைத் திருப்பினாரோ அதே உந்துதல்தான் இங்கும். வில்கின்சனிடம் மட்டும் ஆணையும் சீருடையும் இருந்தன.

1942 நவம்பர் 11 அன்று கொக்கோஸ் தீவுகளுக்கு அப்பால் இந்தியக் கடற்படையின் ‘பெங்கால்’ என்ற கண்ணிவாரிக் கப்பல், ‘ஓண்டினா’ என்ற டச்சு எண்ணெய்க் கப்பலைக் காத்துச் சென்றபோது இரண்டு பெரிய ஜப்பானியக் கப்பல்களிடம் சிக்கியது. இரண்டும் பீரங்கி ஏற்றிய பயணிகள் கப்பல்கள். ஒவ்வொன்றும் ‘பெங்கால்’ கப்பலைவிடப் பன்மடங்கு பெரியது. சண்டையின் முடிவில் அவற்றில் ஒன்றான ‘ஹோகோகு மாரு’ வெடித்து மூழ்கியது. ‘பெங்கால்’ தப்பியது. அதன் தலைவர் லெப்டினன்ட்-கமாண்டர் வில்சன் அரச இந்தியக் கடற்படை ரிசர்வைச் சேர்ந்தவர். இந்தியக் கடற்படையும் நேர், பின்னல், அலை என்ற மூன்று பட்டைகளை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தது. முழுநேரப் பதவிகளில் பெரும்பகுதி ஆங்கிலேயரிடம் இருந்ததால், போரில் பெருவாரியாகச் சேர்ந்த இந்திய இளைஞர்களின் கையில் ஏறியது அலைப் பட்டைதான். எனவே இங்கே பட்டை வர்க்கத்தோடு இனத்தையும் ஓரளவு காட்டியது. இதைச் சொல்லாமல் இந்தியச் சீருடையின் கதையை எழுதினால் அது பாதிக் கதை.

பெண்களுக்குத் தங்கச் சரிகையே தரப்படவில்லை. பிரிட்டிஷ் பெண்கள் பிரிவின் அதிகாரிகள் நீலப் பட்டை அணிந்தார்கள். சுழி இருக்க வேண்டிய இடத்தில் வைர வடிவம். இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவைச் சேர்ந்த இரண்டாம் நிலை அதிகாரி கல்யாணி சென் 1945-இல் பிரிட்டன் சென்றபோது எடுத்த புகைப்படம் புகழ்பெற்றது. அதில் அவர் புடவையில் நிற்கிறார். சீருடை என்றால் ஐரோப்பிய வெட்டுதான் என்ற நினைப்பைக் கேள்வி கேட்கும் படங்களில் அதுவும் ஒன்று.

அமெரிக்கா வேறு வழியில் சென்றது. இரண்டாம் உலகப் போரில் அங்கு ரிசர்வ் அதிகாரிக்கும் முழுநேர அதிகாரிக்கும் பட்டையில் வேறுபாடே இல்லை. பிடி-109 படகின் தலைவர் ஜான் கென்னடி ரிசர்வ்காரர். அவருடைய கையைப் பார்த்து எவரும் அதைச் சொல்லிவிட முடியாது. படைக்கு ஆள் ஆயிரக்கணக்கில் தேவைப்பட்ட நேரத்தில் இதுவே நேர்மையான ஏற்பாடு என்பேன். ஆனால் பட்டை ஒன்றாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணிவிடவும் கூடாது. 1944 மார்ச்சில் அமெரிக்கக் கடற்படையின் முதல் கறுப்பின அதிகாரிகளாக 13 பேர் கிரேட் லேக்ஸ் பயிற்சி நிலையத்தில் ரிசர்வில் பதவி பெற்றார்கள். அதே தங்கம், அதே சீருடை. அங்கிருந்த அதிகாரிகள் மன்றத்தின் கதவு மட்டும் அவர்களுக்குத் திறக்கவில்லை. அந்நாட்டின் பெண் அதிகாரிகளுக்கும் தங்கம் கிடைக்கவில்லை, இளநீலப் பட்டைதான்.

வேறுபட்ட பட்டைக்கு ஆதரவாக ஒரு நியாயமான வாதம் உண்டு. பின்னல் பட்டையைத் தொலைவில் பார்த்ததுமே, இவர் தேர்ந்த கடலோடி, இரவில் கப்பலை இவரிடம் விட்டுத் தூங்கலாம் என்று தளபதிக்குத் தெரிந்தது. அலைப் பட்டையைப் பார்த்தால், கொஞ்ச நாள் அருகில் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தெரிந்தது. போரின் முதல் ஆண்டில் இது உதவியிருக்கும். மூன்றாம் ஆண்டில் உதவாது. அதற்குள் அலைப் பட்டைக்காரர் பல முறை அட்லான்டிக்கைக் கடந்திருப்பார். அப்போதுதான் கல்லூரியிலிருந்து வந்த நேர்ப் பட்டைக்காரர் அவரிடம் பாடம் கேட்டிருப்பார். திறமை மாறிக்கொண்டே இருக்கும், தைத்த சரிகை மாறாது.

போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கடற்படை இதை ஒப்புக்கொண்டது. 1951-இல் இரு ரிசர்வுகளுக்கும் நேர்ப் பட்டையே வழங்கப்பட்டது. சுழியின் நடுவே ஒரு சிறு ‘ஆர்’ எழுத்து மட்டும் வேறுபாடாக நின்றது. 1958-இல் இரண்டும் ஒன்றாயின. அலைப் பட்டையில் பெருமை கொண்டிருந்த முன்னாள் தொண்டர்கள் சிலருக்கு இது இழப்பாகவே பட்டது. அவர்கள் உணர்வு எனக்குப் புரிகிறது. தாழ்வாகத் தரப்பட்ட ஒன்றைத் தங்கள் இரத்தத்தால் உயர்த்தியவர்கள் அவர்கள். ஆனாலும் அடுத்த தலைமுறை இளைஞனுக்கு அந்தப் பெருமை தானாக வந்துவிடாது. வேலி மட்டும் மிஞ்சியிருக்கும். கடற்படை செய்தது சரி. அலைப் பட்டை இன்று பிரிட்டனில் சிறுவர்களுக்கான கடற்பயிற்சிப் படையின் அதிகாரிகள் கையில் தொடர்கிறது.

நம் பக்கத்துக் கடற்படைகள் இரண்டும் இந்தத் தொண்டர்களுக்குக் கடன்பட்டவை. இலங்கையில் 1938-இல் தொடங்கிய தொண்டர் கடற்படை, 1943-இல் இலங்கை அரச கடற்படைத் தொண்டர் ரிசர்வாக மாறி, பிரிட்டிஷ் கடற்படையின் அங்கமாகப் பணியாற்றியது. 1950 டிசம்பர் 9 அன்று அரச இலங்கைக் கடற்படை பிறந்தபோது அதன் மையக்கரு அந்தத் தொண்டர்களே. 1960 முதல் பத்தாண்டு அதற்குத் தலைமை தாங்கிய தமிழரான ராஜன் கதிர்காமர் அந்தப் படையில் உருவானவர். இந்தியாவில் எஸ். எம். நந்தா 1941-இல் அரச இந்தியக் கடற்படைத் தொண்டர் ரிசர்வில் சப்-லெப்டினன்டாகச் சேர்ந்தார். 1971 டிசம்பரில் கராச்சித் துறைமுகத்தை ஏவுகணைப் படகுகள் தாக்கியபோது இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதி அவர்தான்.